ராஜாவைச் சுற்றி மூன்று கட்டங்கள்

கார்வேட்டிநகரத்தில் ஜமீன் காலம் முடிந்து வெகுநாள் ஆகிறது. வேணுகோபால சுவாமி கோயிலும் புஷ்கரிணியும் இருக்கின்றன. இங்கிருந்து புத்தூர், சத்தியவேடு என்று கிழக்கே போனால் தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டுக்குள் புழங்கும் ஊர்கள். 2022-ல் பழைய சித்தூர் மாவட்டத்தைப் பிரித்தபோது கார்வேட்டிநகரம் சித்தூரோடு தங்கிவிட்டது. சத்தியவேடு திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. உலக செஸ் சாம்பியன் குகேஷின் குடும்பத்துக்குப் பூர்வீகம் அந்தச் சத்தியவேடு வட்டாரம்தான். 2024 டிசம்பர் 12-ம் தேதி சிங்கப்பூரில் அவர் டிங் லிரெனை வென்றதும் ஆந்திர முதல்வர் அவரைத் தெலுங்குப் பிள்ளை என்று கொண்டாடினார், தமிழக முதல்வர் சென்னையின் பெருமை என்று கொண்டாடினார். எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு இரண்டுமே சரிதான்.

செஸ் பழகத் தொடங்கும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் ஒன்றையே கேட்கிறார்கள்: எதிராளியின் ராஜாவை எப்படிப் பிடிப்பது? அவர்களிடம் குகேஷ் பட்டம் வென்ற அந்தப் பதினான்காவது ஆட்டத்தைப் போட்டுக் காட்டினால் முகம் சுருங்கிவிடும். அதில் ராஜா வேட்டையே இல்லை. ராணிகள் எப்போதோ வெட்டுப்பட்டுப் போயிருந்தன. இரண்டு பக்கமும் ஒரு யானை, ஒரு பிஷப். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். 55-வது நகர்த்தலில் டிங் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்தார். யானைக்கு யானை, பிஷப்புக்கு பிஷப் என்று வெட்டி முடிந்ததும் ராஜாக்களும் சிப்பாய்களும்தான் மிச்சம். 58-வது நகர்த்தலில் டிங் விட்டுக்கொடுத்தார். ராணிகள் போனபின் ராஜா ஒளிந்து வாழ வேண்டிய ஆள் இல்லை; இறங்கி வேலை செய்கிறவர். முடிவாட்டத்தில் அவருடைய சண்டைத் திறன் கிட்டத்தட்ட நான்கு சிப்பாய் மதிப்பு என்பது பழைய கணக்கு. வேட்டையெல்லாம் ராணிகள் பலகையில் நிற்கும் வரைதான்.

வேட்டை எப்படி நடக்கிறது என்று காட்ட வேறோர் ஆட்டம் இருக்கிறது. அதுவும் சென்னைக்காரருடையது.

2013 ஜனவரி 15. நெதர்லாந்தின் கடலோர ஊரான விக் ஆன் சீ. டாடா ஸ்டீல் போட்டியின் நான்காம் சுற்று. வெள்ளைக் காய்களில் ஆர்மீனியாவின் லெவோன் அரோனியன். கறுப்பில் அப்போதைய உலக சாம்பியன் விஸ்வநாதன் ஆனந்த். இரண்டு ராஜாக்களும் வலது ஓரமாகக் கோட்டை கட்டி உட்கார்ந்துவிட்டார்கள். (பலகையின் நெடுவரிசைகளை இடமிருந்து ஏ முதல் எச் வரையும், படுக்கை வரிசைகளை வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரையும் எண்ணுவது வழக்கம், ஒரு பலகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் இன்னும் நல்லது.)

முதலில் தாக்கப் புறப்பட்டவர் அரோனியன்தான். 12-வது நகர்த்தலில் அவர் குதிரை ஜி5-க்குத் தாவியது. அதோடு, சி2-ல் இருந்த ராணி, டி3-ல் இருந்த பிஷப், இந்தக் குதிரை ஆகிய மூன்றும் ஆனந்த் ராஜாவுக்கு முன்னால் எச்7-ல் நிற்கும் ஒரே சிப்பாயைக் குறிவைத்தன. அதைக் காப்பது ராஜாவும் ஒரு குதிரையும் மட்டும். மூன்றுக்கு இரண்டு. சிப்பாய் போய்விடும். சாதாரண ஆட்டக்காரர் இந்த இடத்தில் எச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளித் தப்பிக்கப் பார்ப்பார். ஆனந்த் அந்தப் பக்கமே திரும்பாமல் நடுவில் சி சிப்பாயைத் தள்ளினார்.

ஓரத்தில் அடி விழுந்தால் நடுவில் திருப்பி அடி என்பது செஸ் பாடங்களில் பழைய பாடம். காரணம் எளிது. ஓரத்துக்குப் போன காய் நடுவுக்குத் திரும்ப இரண்டு மூன்று நகர்த்தல் பிடிக்கும். நடுவில் நிற்கும் காய் எந்த ஓரத்துக்கும் சட்டென்று போகும். அரோனியனின் குதிரை எச்7 சிப்பாயை வெட்டியது, எஃப்8-ல் இருந்த யானையையும் மிரட்டியது. ஆனந்த் யானையையும் கவனிக்கவில்லை. எச்7-ஐக் காத்துக்கொண்டிருந்த அவருடைய குதிரை, காக்க இனி ஒன்றும் இல்லை என்றானதும், வெள்ளை ராஜாவை நோக்கி ஜி4-க்கு வந்தது. அரோனியன் எஃப் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, கறுப்பு பிஷப் எச்2-வைப் பார்க்கும் சாய்வுப் பாதையை அடைத்தார். ஆனால் ஒரு கதவை மூடியபோது இன்னொன்று திறந்துகொண்டது. எஃப் சிப்பாய் நகர்ந்ததால், நடுப்பலகையிலிருந்து ஜி1 வரை ஓடும் சாய்வுப் பாதைக்கு எஃப்2-ல் இருந்த காவல் போனது. டி4-ல் சிப்பாய்கள் வெட்டிக்கொண்டபின், அங்கே நிற்கும் ஒற்றை வெள்ளைச் சிப்பாய்தான் இனி அந்தப் பாதைக்குத் தடுப்பு. உடனே ஆனந்தின் பிஷப் சி5-ல், அந்தச் சிப்பாய் வெட்டக்கூடிய கட்டத்திலேயே, வந்து உட்கார்ந்தது. அரோனியன் வெட்டவில்லை. வெட்டினால் டி வரிசை திறந்துகொள்ளும். கறுப்பு ராணியும் இன்னொரு குதிரையும் உள்ளே இறங்கும்.

அதற்குப் பதில் அவர் பிஷப்பை இ2-வுக்கு இழுத்து, ஜி4 குதிரையைத் துரத்தினார். அடிபட இருந்த குதிரை அசையவில்லை. மற்ற குதிரை இ5-க்கு வந்து நின்றது, எஃப்4 சிப்பாய் வெட்டிக்கொள்ளட்டும் என்று.

இந்த 16-வது நகர்த்தலில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். டி4 சிப்பாயால் இ5 குதிரையைத் தொட முடியாது. நகர்ந்தால் பின்னால் இருக்கும் ராஜாவுக்கு சி5 பிஷப்பின் செக் விழும், அது விதிப்படியே செல்லாது. எஃப் சிப்பாயால் வெட்டலாம். வெட்டினால்? குதிரை டி7-ஐ விட்டுப் போனதால் டி வரிசை காலி. கறுப்பு ராணி நேரே இறங்கி டி4 சிப்பாயை வெட்டி செக் சொல்கிறது. ராஜா எச்1 மூலைக்கு ஓடுகிறது. ராணி ஜி1-ல், ராஜாவுக்கு ஒட்டியே போய் உட்கார்கிறது, தன்னையே பலி கொடுக்க. சி5 பிஷப்பின் காவல் இருப்பதால் ராஜாவால் ராணியை எடுக்க முடியாது; யானைதான் எடுக்க வேண்டும். யானை ஜி1-க்கு வந்ததும் ராஜாவைச் சுற்றியுள்ள மூன்று கட்டங்களிலும் சொந்தக் காய்களே நிற்கின்றன. இப்போது ஜி4 குதிரை எஃப்2-வுக்குத் தாவி செக் சொன்னால் அதோடு மேட். ராஜாவுக்கு நகர இடமில்லை, குதிரையை எடுக்க ஆளில்லை, குதிரையின் செக்கை இடையில் ஏதும் வைத்து மறைக்கவும் முடியாது.

சொந்தப் படையே ராஜாவை மூச்சடைக்கச் செய்யும் இந்த மேட் 1497-ல் ஸ்பெயினில் லூசெனா எழுதிய நூலிலேயே இருக்கிறது. போட்டி ஆடும் எந்தப் பிள்ளைக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்த உத்தி என்பதாலேயே ஆராய்ச்சியாளர்களுக்கு இது பயன்பட்டது. மெரிம் பிலாலிச், பீட்டர் மெக்லியோட், ஃபெர்னான்ட் கோபே மூவரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு ஒரு நிலையைக் கொடுத்தார்கள். அதில் இந்த மூச்சடைப்பு மேட்டும் உண்டு. அதைவிடக் குறைந்த நகர்த்தலில் முடியும், ஆனால் அவ்வளவு பழக்கமில்லாத மேட் ஒன்றும் உண்டு. பெரும்பாலோர் பழகிய மேட்டைச் சட்டென்று கண்டுகொண்டார்கள். இதைவிடக் குறுகிய வழி தேடுங்கள் என்றபோது தேடினார்கள், இல்லை என்றார்கள். கண் அசைவைப் பதிவு செய்த கருவி வேறு கதை சொன்னது. வேறு வழி தேடுவதாக அவர்கள் நம்பிக்கொண்டிருந்த நேரத்திலும் அவர்கள் கண் முதல் வழிக்கு வேண்டிய கட்டங்களிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. பழகிய மேட் இல்லாத நிலையைக் கொடுத்தபோது அதே தரத்தினர் குறுகிய வழியைக் கண்டார்கள். தாக்குதல் ஆடுபவருக்கு நினைவில் இருக்கும் உத்திதான் பலம். அதுவே கண்ணையும் கட்டும்.

அரோனியன் அந்த மேட்டில் விழுகிற ஆள் இல்லை. அவர் பிஷப்பால் ஜி4 குதிரையை வெட்டினார். ஆனந்தின் பிஷப் டி4 சிப்பாயை வெட்டி செக் சொல்ல, ராஜா எச்1 மூலைக்குப் போனது. ஆனந்தின் மிச்சக் குதிரை ஜி4-ல் இருந்த வெள்ளை பிஷப்பை வெட்டி அதே இடத்தில் உட்கார்ந்தது. அரோனியனின் குதிரை, ரொம்ப நேரமாகக் காத்திருந்த எஃப்8 யானையை வெட்டியது.

ராணிக்கு 9, யானைக்கு 5, பிஷப்புக்கும் குதிரைக்கும் 3, சிப்பாய்க்கு 1 என்ற வழக்கமான மதிப்பெண்ணில் கூட்டிப் பார்த்தால், இந்த நொடியில் வெள்ளை முழு யானை முன்னால் நிற்கிறது. எஃப்8-ல் நிற்கும் குதிரையை ஆனந்த் ராஜாவாலோ ராணியாலோ வெட்டலாம். அவர் எதையும் வெட்டாமல் எஃப் சிப்பாயை எஃப்5-க்குத் தள்ளினார்.

ஏன் என்பதற்கு அந்த மூலையைப் பார்த்தால் போதும். எச்1-ல் நிற்கும் ராஜாவுக்கு அண்டைக் கட்டங்கள் மூன்றுதான்: ஜி1, ஜி2, எச்2. ஜி1-ஐ டி4 பிஷப் பார்க்கிறது. ஜி2-வை, பி7-ல் நின்றபடி நீண்ட சாய்வுப் பாதையின் மறுமுனையிலிருந்து இன்னொரு பிஷப் பார்க்கிறது. எச்2-வை ஜி4 குதிரை பார்க்கிறது. ஒரு கட்டத்துக்கு ஒரு காய், ஒன்றுகூட வீணில்லை. டி8 ராணி எச்4-க்கு வந்துவிட்டால் நான்காவது ஆள், எச்2-ல் மேட். எஃப்5 சிப்பாய் செய்யும் வேலை இரண்டு. ஜி4 குதிரைக்கு அது முட்டுக்கொடுக்கிறது. சி2-ல் இருக்கும் வெள்ளை ராணி எச்7 வரை பார்க்கும் சாய்வுப் பாதையைக் குறுக்கே அடைத்து, திருப்பித் தாக்கும் வாய்ப்பையும் எடுத்துவிடுகிறது.

வெள்ளைக்கு முழு யானை அதிகம் இருக்கிறதே என்றால், அந்த யானை ஏ1-ல், ஆட்டம் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது. சி1 பிஷப்பும் அப்படியே. வங்கியில் கோடி ரூபாய் வைத்திருந்தும் பஸ்ஸில் டிக்கெட்டுக்குச் சில்லறை இல்லாதவர் நிலை. ராஜாவைத் தாக்கும்போது மொத்தக் கணக்கு உதவாது. ராஜா நிற்கும் அந்த மூலையில், இன்றைக்கு, யார் எத்தனை பேர் வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்பதே கணக்கு. என்னைக் கேட்டால், தாக்குதல் ஆட்டத்துக்குத் துணிச்சல்தான் முக்கியம் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் பிள்ளைகளைக் கெடுக்கிறார்கள். அது பெரும்பாலும் எண்ணிக்கை வேலை.

இந்த எண்ணிக்கையை அப்படியே நிரலாக எழுதியவர்கள் கணினி செஸ்காரர்கள். பழைய முறை ஒன்று இப்படிப் போகும்: எதிராளி ராஜாவைச் சுற்றி ஒரு வட்டாரத்தை வகுத்துக்கொள், அதைத் தாக்கும் ஒவ்வொரு காய்க்கும் மதிப்புப் போடு, ராணிக்கு அதிகம், யானைக்கு அதில் பாதி, குதிரைக்கும் பிஷப்புக்கும் அதிலும் பாதி, கூட்டு. இதுவரை சாதாரணக் கூட்டல். அடுத்த படிதான் சுவையானது. தாக்கும் காய் ஒன்றே ஒன்று என்றால் மொத்தத்தையும் பூஜ்யத்தால் பெருக்கு. இரண்டு என்றால் பாதி எடுத்துக்கொள். மூன்று என்றால் முக்கால். நான்கு என்றால் நூற்றுக்கு 88. ஒற்றைக் காய் எவ்வளவு ஆர்ப்பாட்டமாக ராஜா பக்கத்தில் நின்றாலும் ஒன்றும் நடக்காது என்பதை அந்தப் பூஜ்யம் சொல்கிறது. மூன்றாவது ஆள் வந்துசேரும்போது ஆபத்து மும்மடங்கு ஆவதில்லை, அதைவிட வேகமாக ஏறுகிறது. ஏனென்றால் ஒரு காய் செக் சொல்ல, இன்னொன்று அதைக் காக்க, மூன்றாவது ராஜா தப்பும் கட்டத்தை அடைக்க என்று வேலையைப் பங்கிட்டுக்கொள்ள முடிகிறது.

இன்று உலகின் பலமான செஸ் நிரல்களில் ஒன்றான ஸ்டாக்ஃபிஷ் இந்த மாதிரி கையால் எழுதிய விதிகளை 2023-ல் முற்றாக எடுத்துவிட்டது. அதற்கு முன்பே, 2020-ல், அதில் நரம்பு வலைப்பின்னல் ஒன்று நுழைந்திருந்தது. ஜப்பானியச் சதுரங்கமான ஷோகிக்காக யூ நாசு என்பவர் 2018-ல் உருவாக்கிய அமைப்பு அது. இந்த வலைப்பின்னல் பலகையைப் பார்க்கும் விதம் கவனிக்கத்தக்கது. ஒரு குதிரை ஜி4-ல் நிற்கிறது என்று மட்டும் அது குறித்துக்கொள்வதில்லை. ராஜா எச்1-ல் நிற்கும்போது ஜி4-ல் குதிரை என்பது ஒரு செய்தி. ராஜா சி1-ல் நிற்கும்போது அதே ஜி4 குதிரை முற்றிலும் வேறு செய்தி. ராஜா நிற்கக்கூடிய கட்டங்கள் 64; ராஜாக்கள் தவிர்த்து இரு நிறத்திலும் காய் வகைகள் 10; அவை நிற்கக்கூடிய கட்டங்கள் 64. பெருக்கினால் 40,960. அத்தனை உள்ளீடுகள் அதன் தொடக்க வடிவத்தில் ஒரு ராஜாவுக்கு இருந்தன. மற்ற ராஜாவின் பார்வையில் இன்னொரு தொகுப்பு. பலகையிலுள்ள ஒவ்வொரு காயையும் ராஜாவின் இடத்திலிருந்தே அது பார்க்கிறது. வயதான பயிற்சியாளர்கள் சொல்லிவந்ததும் இதைத்தான், கணக்கில்லாமல்.

மனிதக் கண் இதை எப்படிச் செய்கிறது? கனடாவில் இயல் ரைங்கோல்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2001-ல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. முழுப் பலகை வேண்டாமென்று மூன்றுக்கு மூன்று கட்டம் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதில் ஒரு ராஜா, தாக்கக்கூடிய ஒன்றிரண்டு காய்கள். கேள்வி ஒன்றே: செக் இருக்கிறதா, இல்லையா? புதிதாக ஆடுபவர்கள் ஒவ்வொரு காயாகப் பார்த்தார்கள். காய் கூடினால் நேரமும் கூடியது. தேர்ந்தவர்களுக்குக் காய் கூடியதால் நேரம் கூடவில்லை. இரண்டு உறவுகளையும் ஒரே வீச்சில் எடுத்துக்கொண்டார்கள். இந்த ஒரு காயை மட்டும் பாருங்கள் என்று குறித்துக் காட்டியபோது தேர்ந்தவர்களுக்கு அது இடைஞ்சல் ஆயிற்று. மற்றக் காயின் செக் கண்ணில் படாமல் இருக்க அவர்களால் முடியவில்லை. அவர்கள் பார்வை பல சமயம் காய்களின் மேல் விழாமல் காய்களுக்கு நடுவே வெற்றிடத்தில் விழும் என்பதும் அந்தக் குழுவின் கண்டுபிடிப்பு. காயைப் பார்ப்பதில்லை, காய்க்கும் ராஜாவுக்கும் இடையிலுள்ள உறவைப் பார்க்கிறார்கள்.

1973-ல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் செய்த பழைய சோதனையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த நிலையைச் சில நொடி காட்டி மறைத்தால், மாஸ்டர் அதைப் பெரும்பாலும் அப்படியே திரும்ப அடுக்கிவிடுவார். காய்களைக் கலைத்துப் போட்டுக் காட்டினால் அவருடைய மேன்மை கிட்டத்தட்ட மறைந்துவிடும். ஞாபகசக்தி பெரிது என்பதல்ல விஷயம்; கொத்துக் கொத்தாக, அர்த்தத்தோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

அப்படி ஒரு கொத்துதான் ஆனந்தின் ஆட்டத்திலும். அது முடிந்ததும் சதுரங்க உலகில் எல்லார் வாயிலும் வந்த பெயர் அகிபா ரூபின்ஸ்டைன். இன்றைய போலந்தில் உள்ள லோட்ஸ் நகரில், 1907-ல், கறுப்பில் ஆடிய ரூபின்ஸ்டைன் கியோர்க் ரோட்லெவியின் ராஜாவை இதேபோல் எச்1 மூலையில் பிடித்தார். ஒரு பிஷப் பி7-ல், இன்னொன்று பி6-ல், குதிரை ஜி4-ல். அங்கே ராணியையே வெட்டக் கொடுத்துவிட்டு யானைகளால் முடித்தார். நூற்றாண்டு கழித்து விக் ஆன் சீயில் அதே இரட்டைச் சாய்வுப் பாதைகள், அதே ஜி4 குதிரை. ஆனந்த் இந்தத் தொடக்கத்தை 2012-ல் போரிஸ் கெல்ஃபாண்டுடனான உலகப் பட்டப் போட்டிக்காகத் தயார் செய்திருந்தார்; அங்கே பயன்படாதது இங்கே பயன்பட்டது. தயாரிப்பு கணினியின் துணையோடுதான். ஆனால் கணினி சொல்லும் ஆயிரம் வரிகளில் எதை நினைவில் வைப்பது என்று தேர்ந்தெடுக்கப் பழைய உருவம் ஒன்று மனதில் இருக்க வேண்டும்.

அந்த உருவங்களை ஆனந்த் பொறுக்கிய முதல் இடங்களில் ஒன்று சென்னையில், சோவியத் கலாச்சார மையத்தில் இருந்த தால் செஸ் கிளப். இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் மானுவேல் ஆரோன் 1972-ல் தொடங்கியது. ராஜா வேட்டைக்குப் பேர்போன மிகைல் தாலின் பெயரை வைத்த கிளப்பில், பள்ளிக்கூடப் பையனாக ஆனந்த் மின்னல்வேக ஆட்டங்கள் ஆடினார். அப்படி ஆடும்போது யோசிக்க நேரமே கிடையாது, கண்ணில் பட்டதைத்தான் ஆட முடியும். அந்தப் பழக்கம் கெடுதல் என்று சொல்பவர்கள் உண்டு. இந்த ஆட்டத்தைப் பார்த்தபின் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

எஃப்5-க்குப் பிறகு அரோனியனுக்கு எச்4-ஐக் காக்க ஆள் வேண்டியிருந்தது. எஃப்8 குதிரை ஜி6-க்குத் திரும்பியது. அங்கிருந்து அது எச்4-ஐப் பார்க்கும். கறுப்பு ராணி எஃப்6-க்கு வந்தது. குதிரைக்குக் குறி; அதை வெட்டியபின் எச் வரிசைக்கு வந்து எச்2-வுக்கும் குறி. அரோனியன் எச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி எச்2-வைக் காலி செய்ய, ராணி ஜி6 குதிரையை வெட்டியது. வெள்ளை ராணி இ2-வுக்குப் போய் ஜி4 குதிரையைப் பார்க்க, கறுப்பு ராணி எச்5-க்கு வந்தது. இப்போது எச்3 சிப்பாயால் குதிரையை வெட்ட முடியாது. நகர்ந்தால் எச் வரிசையில் ராஜாவுக்கு ராணியின் செக். ஜி2 சிப்பாயாலும் அசைய முடியாது. அசைந்தால் பி7 பிஷப்பின் செக். இரண்டு சிப்பாய்களும் நின்ற இடத்திலேயே கட்டுண்டு கிடக்கின்றன. எச்3-ஐக் காக்க மிச்சமிருப்பது வெள்ளை ராணி மட்டும். அது டி3-க்குப் போனது, மூன்றாம் வரிசை வழியாக எச்3-ஐப் பார்க்க.

23-வது நகர்த்தலில் ஆனந்த் டி4 பிஷப்பை இ3-க்கு நகர்த்தினார். டி3-க்கும் எச்3-க்கும் நடுவில். ராணியின் பார்வை அறுந்தது. பிஷப்பை சி1 பிஷப்பால் வெட்டினால் அதே இ3-ல் இப்போது வெள்ளையின் சொந்தக் காய் நிற்கும், வரிசை திறக்காது. எச்3-ல் ராணி வெட்டிச் செக், அடுத்தது மேட். ராணியால் வெட்டினால் ஜி4 குதிரை ராணியை எடுத்துக்கொள்ளும். அரோனியன் கையை நீட்டி விட்டுக்கொடுத்தார். காய்களை எண்ணினால் அப்போதும் வெள்ளைக்கு ஒரு பிஷப்புக்குப் பதில் ஒரு யானை கூடுதல்தான்.